ஏழேகாலிலிருந்து எட்டேகால் வரை

அந்த வருடம் எனக்கென்று ஒரு நாளில் கிடைத்தது ஒரு மணி நேரம்தான். துடியலூருக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லுக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். விடியும் முன் காரமடைப் பக்கத்து ஆட்களை ஏற்றிவந்து காலை ஷிப்டுக்கு இறக்கிவிட வேண்டும். ராத்திரி ஷிப்ட் முடித்த பெண்களை அதே வண்டியில் அவரவர் ஊரில் கொண்டுபோய் விட வேண்டும். திரும்பி வந்து மில் மதிலோரம் வேனை நிறுத்தும்போது ஏழேகால் ஆகிவிடும். எட்டேகாலுக்கு ஆபீஸ்காரர்களை அழைத்துவரக் கிளம்ப வேண்டும். அதன் பிறகு இருட்டும்வரை வண்டி நிற்காது.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் என் உடம்பை நான் சரிபண்ண வேண்டியிருந்தது. காரணம் என் அக்கா. அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் காரமடையிலிருந்து கோயம்புத்தூர் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருவாள். அதற்காகக் கையில் கீறி இணைத்துவைத்திருந்த நரம்பு இரண்டு முறை அடைத்துக்கொண்டது. மறுபடியும் அடைத்தால் சிரமம், அதற்குள் சொந்தத்தில் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டரம்மா சொன்னார். அக்காவின் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. பிள்ளைகள் இல்லை. இரத்த வகை ஒத்துப்போன ஒரே ஆள் நான்.

எனக்கு நாற்பத்துநான்கு வயது. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன். பல்லடத்தில் தறி ஓட்டினேன், கோழி லாரியில் கிளீனராகப் போனேன், ஹூப்ளியில் ஒரு தாபாவில் ஒரு வருடம் இருந்தேன், பாலக்காட்டில் செங்கல் சுமந்தேன். எங்கேயும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. அதில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. நான் சொன்னதை உடம்பு கேட்டது, உடம்பு சொன்னதை நான் கேட்டதில்லை. அதனால் டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"மாத்திரை போட்டு இறக்கினா பிரயோஜனமில்லை. தானாகவே இறங்கணும். எட்டு கிலோ குறையணும். மூணு மாசம் தரேன்" என்றார். "வேகமா நடங்க. யோகா, மூச்சுப் பயிற்சி எதாவது பழகுங்க. கனமான எதையும் தூக்கிப் பழகாதீங்க. முட்டை, கறி எல்லாம் அளவா இருக்கணும். புரியுதுங்களா?"

"சரிங்க" என்றேன்.

மில்லுக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயத்தின் கூடத்தில் காலையில் யோகா வகுப்பு நடந்தது. போர்டில் 'உடல்நலப் பயிற்சி' என்றுதான் எழுதியிருந்தார்கள். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் சொல்லிக்கொடுத்தார். வகுப்பு ஏழு மணிக்கே தொடங்கிவிடும். நான் இருபது நிமிடம் தாமதமாக நுழைந்து கடைசி வரிசையில் பாயை விரிப்பேன். இடுப்பு வலிக்காக வந்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். கிட்னி கொடுக்கப்போகிறேன் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. சொன்னால் கொடுக்கிறானா, விற்கிறானா என்று பேசுவார்கள்.

நடப்பதற்கு நேரம் போதவில்லை. அதனால் வேனில் கிடந்த தார்ப்பாய்க் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, மதிலோரம் நின்று பத்து நிமிடம் ஸ்கிப்பிங் ஆடினேன். ஜெனரல் ஷிப்டுக்கு நடந்துவரும் பெண்களுக்கு அது நல்ல வேடிக்கையாகிவிட்டது.

"ஏனுங்ணா, பள்ளிக்கூடத்துல மறுக்காச் சேத்தீட்டாங்களா?"

"சேத்துனா இந்த வாட்டி எட்டாவது பாஸ் பண்ணீருவாருங்க அண்ணன்."

"கவுறு பத்திரமுங்ணா. வண்டிக்கு வேணும்."

அவர்கள் சிரிப்பது எனக்குப் பிடித்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே நானும் சிரிப்பேன்.

டாக்டரம்மா சொன்னதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஜிம் இருந்தது. அதை நடத்திய தம்பிக்கு முப்பது வயதிருக்கும். ஒருநாள் நான் கயிறு ஆடுவதைப் பார்த்துவிட்டு மேலேயிருந்து கூப்பிட்டான்.

"ஏனுங்ணா, குதிச்சா மட்டும் எடை எறங்காதுங்ணா. வெயிட் அடிக்கோணும். சதை ஏறுனாத்தான் கொழுப்புக் கரையும். மேல வாங்க."

போனேன். ஆசைதான் காரணம் என்று இப்போது சொல்ல முடிகிறது. ஒரு சிறுநீரகம் போய்விட்டால் அதன் பிறகு மூட்டை தூக்க முடியாது, ஆள் பாதியாகிவிடுவான் என்று டீக்கடையில் யாரோ யாரைப் பற்றியோ பேசியது காதில் விழுந்திருந்தது. எனக்குத் தெரிந்த பிழைப்பு எல்லாமே தூக்கிச் சுமப்பதுதான். போவதற்கு முன்னால் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். செக்யூரிட்டி வேலைக்கு உடல் தேர்வு இருக்கிறது என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன்.

ஆக அந்த ஒரு மணி நேரம் இப்படிப் பிரிந்தது. ஏழு இருபதிலிருந்து ஏழு முப்பத்தைந்துவரை யோகா. கடைசியில் எல்லோரும் கண்மூடிப் படுக்கும் நேரத்தில் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு நழுவிவிடுவேன். பிறகு பத்து நிமிடம் கயிறு. பிறகு டயர் கடை மாடிப்படி, இருபத்தைந்து நிமிடம் இரும்பு. மோட்டார் தண்ணீரில் முகம் கழுவி வேனில் ஏறும்போது ஸ்டீயரிங் பிடித்த கை நடுங்கும். கிளட்ச் மிதிக்கும் தொடை துடிக்கும். ஆபீஸ்காரர்கள் ஏறி உட்கார்ந்ததும் வேர்வை நாற்றத்துக்கு ஜன்னலைத் திறப்பார்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஜிம் தம்பி முட்டை சாப்பிடச் சொன்னான். பல்லடத்தில் பழைய கோழிப் பண்ணைப் பழக்கம் இருந்ததால், ஓடு கீறிய முட்டை எனக்குச் சுலபமாகக் கிடைத்தது. தினமும் பத்து. ஒரு டப்பாவிலிருந்து மாவு போல ஒரு பவுடரும் கரைத்துக் கொடுத்தான். குடித்தேன்.

யோகா டீச்சர் ஒருநாள் என் கையைத் தூக்கிப் பார்த்தார். "ஏனுங்க, எதையாச்சும் தூக்கறீங்களா? தோள் இப்படி இறுகிக் கெடக்குது. இந்தப் பயிற்சி செய்யற வரைக்கும் கனம் தூக்க வேண்டாமுங்க."

"சரிங்க" என்றேன்.

"யோகாவெல்லாம் வயசானவங்களுக்குங்ணா. அந்த நேரத்தையும் இங்கயே போடுங்க" என்றான் ஜிம் தம்பி.

"சரி தம்பி" என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் நல்லதுக்குச் சொல்லும்போது முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொல்வது மரியாதை இல்லை. சரிங்க என்று சொல்லிவிட்டு வந்து அவரவர் வேலையைப் பார்ப்போம். சொன்னவருக்கும் அது தெரியும். கடையிலும் கல்யாண வீட்டிலும் அதனால் ஒரு நட்டமும் வந்து நான் பார்த்ததில்லை.

மூன்று மாதம் முடிந்தது. ஒன்பது கிலோ குறைந்திருந்தது. பிரஷர் இறங்கியிருந்தது. பரிசோதனை நாளன்று லீவு சொல்லியிருந்தேன், பதினொரு மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு நாளும் தவறக்கூடாது என்று காலையில் வழக்கத்தைவிட அதிகமாகவே தூக்கிவிட்டுப் போனேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா மறுபடியும் முகத்தைச் சுளித்தார். சிறுநீரில் புரதம் போகிறது, இரத்தத்திலும் ஒரு கணக்கு ஏறியிருக்கிறது என்றார். "கடுமையா உடற்பயிற்சி எதாவது செய்யறீங்களா?"

"இல்லைங்க. நீங்க சொன்னாப்பலதாங்க. நடை, மூச்சுப் பயிற்சி."

"மாவு, பவுடர் எதாவது?"

"அதெல்லாம் இல்லைங்க."

அவர் வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் செய்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். அந்த இரண்டு வாரமும் நான் இரும்பை விடவில்லை. உடம்பு கெட்டிருக்கிறது என்றால் இன்னும் பலப்படுத்த வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. இரண்டாவது ரிப்போர்ட் முதலாவதைவிட மோசமாக வந்தது.

அக்காவையும் மாமாவையும் வைத்துக்கொண்டே டாக்டரம்மா சொன்னார். "இவருக்கே கிட்னியில பிரச்சினை இருக்கலாம். இந்த நிலைமையில எடுக்க முடியாது. வேற யாராவது இருக்காங்களான்னு பாருங்க."

வேறு யாரும் இல்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பஸ் பிடித்துக் காரமடை வந்துசேர்ந்தோம். வீட்டுக்கு வந்ததும் அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் முகம் அந்த இரண்டு வருடத்தில் கருத்துச் சுருங்கிவிட்டிருந்தது. கால் வீங்கியிருந்தது. என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

"கண்ணு, நான் ஒண்ணு கேட்டாத் தப்பா எடுத்துக்க மாட்டயே?"

"கேளுங்க்கா."

"உனக்குப் பயமா இருந்துதா? அதுக்காவ எதையாச்சும் தின்னு போட்டயா? இருந்தாச் சொல்லீரு சாமி. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். குடுன்னு நான் உன்னக் கேட்டனா?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாமா தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "அவனெங்க சொல்லப் போறான். எங்க கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கையில லாரி ஏறிப் போனவன். கைகோக்கறதுக்கு மச்சினன் இல்லாம, உங்க சித்தப்பன் பையனப் பிடிச்சு நிறுத்துனோம். அன்னைக்கும் போறதுக்கு மொத நாள் வரைக்கும் எல்லாத்துக்கும் சரிங்கன்னுதான் சொல்லீட்டிருந்தான்."

தாலி கட்டியதும் மாப்பிள்ளையும் பெண்ணின் உடன்பிறந்தவனும் கைகோத்து நிற்கும் ஒரு சீர் எங்கள் கல்யாணங்களில் உண்டு. அந்த இடத்தில் நான் இல்லை. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. ஏன் போனேன் என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியாது. லாரி நின்றது, ஏறினேன். இருபத்தைந்து வருடத்தில் மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றுதான் பேசினார்.

வேண்டுமென்றே செய்தேனா என்று நானே என்னைக் கேட்டுப் பார்த்தேன். இல்லை என்று உடனே சொல்ல முடியவில்லை. சில நாள் காலையில், கம்பிக்கு அடியில் படுத்து அதை மார்புக்கு மேல் தூக்கும்போது, இந்த உடம்பு முழுசாக என்னிடமே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். டாக்டரம்மா முடியாது என்று சொன்ன அந்த நொடியில் பயத்தோடு ஒரு லேசான நிம்மதியும் வந்தது. அது வந்தது உண்மை. ஆனால் முட்டை தின்றதும் இரும்பு தூக்கியதும் அதற்காக இல்லை. இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று தெரியவில்லை. இருந்தும் சொன்னேன். ஜிம், பவுடர், முட்டை, பரிசோதனையன்று காலையில் தூக்கியது, டாக்டரம்மாவிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் அக்காவின் காலடியில் உட்கார்ந்து சொன்னேன். நிம்மதி வந்ததையும் சொன்னேன்.

"பத்து முட்டையா? ஒரு நாளைக்கா?" என்று அக்கா கேட்டாள்.

"ஆமாங்க்கா."

"அடப் பாவி" என்றாள். சிரிக்க முயன்றாள், இருமல்தான் வந்தது.

மறுநாள் மில்லில் லீவு சொல்லிவிட்டு மாமாவும் நானும் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனோம். மாமா என்னைத் தனியாக விடவில்லை. நான் சொல்லச் சொல்ல டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தார்.

"இத்தனையும் ஒரு மணி நேரத்துலயா?"

"ஆமாங்க."

"நான் கேட்டப்ப ஏன் சொல்லலை?"

"நீங்கதாங்க செய்ய வேண்டாம்னீங்க. அதனாலதாங்க சொல்லலை."

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். களைத்துப்போன குரலில், "அளவுக்கு மீறித் தூக்கினாலே சிறுநீர்ல அப்படிப் போகும். பவுடர் வேற. ஒருவேளை அதுவா மட்டும்கூட இருக்கலாம்" என்றார். மூன்று வாரம் இரும்பு, பவுடர், முட்டை எதுவும் கூடாது, கயிறுகூட வேண்டாம், நிதானமான நடையும் மூச்சும் மட்டும்தான் என்றார். மூன்று வாரம் கழித்தும் ரிப்போர்ட் அப்படியே இருந்தால் மறுபடி வரத் தேவையில்லை என்றும் சொன்னார்.

அந்த மூன்று வாரம்தான் எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. செய்வதற்கு அதிகமாக இருந்தபோது நேரம் போதவில்லை. இப்போது அதே ஒரு மணி நேரம் நீண்டு கிடந்தது. ஜிம் தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போவதை நிறுத்திக்கொண்டேன். "கிட்னிக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் அந்த டப்பாவத் தொறந்தே இருக்க மாட்டனேங்ணா" என்று தலையில் கைவைத்துக்கொண்டான். யோகா டீச்சரிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நீங்க ஒருநாள்கூட மூச்சை முழுசா விட்டதில்லைங்க. பஸ் வந்தா ஏறிக்கற ஆளாட்டத்தான் பாயில படுத்திருந்தீங்க" என்றார். கடைசியில் எல்லோரும் கண்மூடிப் படுக்கும்போது முதல் முறையாக நானும் படுத்தேன். நான்கு நிமிடம் இருக்கும். எழுந்து ஓடாமல் இருப்பதற்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது நாள் கூடத்தை விட்டு வெளியே வந்தபோது வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். காரமடையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"என்னங்க மாமா?"

"ஒண்ணுமில்ல. எனக்கும் சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்காங்க. வா, நடக்கலாம்."

என்னைக் காவல் காக்க வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். வெள்ளக்கிணறு போகும் ரோட்டில் அரை மணி நேரம் நடந்தோம். மறுநாளும் வந்தார். முதல் வாரம் அவருக்கு மூச்சு வாங்கியது, எனக்காக அவரும் அவருக்காக நானும் மெதுவாக நடந்தோம். பேச்சு அதிகமில்லை. ஒருநாள் அவரே சொன்னார். "நீ நழுவறயோன்னு நெனச்சுப்போட்டேன். நெனச்சது நெனச்சதுதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"நெனச்சதுல தப்பில்லைங்க மாமா."

பதினைந்தாவது நாள் அவர் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அக்காவுக்கு விடிகாலையில் நெஞ்சுக்குள் நீர் கோத்து மூச்சு திணறி ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருந்தார்கள். நான் வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு காரமடையைத் தாண்டி வந்தபோது பின்னால் வந்து முந்திப்போன ஆம்புலன்ஸ் அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும். வழிவிட்டு ஒதுங்கியது ஞாபகம் இருக்கிறது. இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் வைத்திருந்தார்கள். என் பொய்யால் வீணாய்ப்போன வாரங்களை நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதல் பரிசோதனையின்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் இந்த மூச்சுத் திணறலைப் பார்த்திருக்க மாட்டாளோ என்று தோன்றியது. அந்த இரண்டு நாளும் காலையில் நான் தனியாக நடந்தேன். நடையை நிறுத்தினால் எங்கேயாவது வண்டி ஏறிவிடுவேனோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பல்லடம் போகும் பஸ் ஒன்று நிறுத்தத்தில் நின்றது. அது புறப்படும்வரை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

அக்கா திரும்பி வந்தாள். என் ரிப்போர்ட்டும் வந்தது. சிறுநீரில் ஒன்றும் இல்லை. இரத்தத்தில் கணக்கு இறங்கியிருந்தது. டாக்டரம்மா மறு வாரமும் ஒரு முறை எடுத்துப் பார்த்து, அதுவும் சரியாக இருந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். மற்ற பரிசோதனைகளும் அனுமதிக் காகிதங்களும் முடிய இன்னும் ஐந்து வாரம் ஆனது. அக்காவின் கை நரம்பு அதுவரை தாங்கியது.

ஆபரேஷனுக்கு அடுத்த நாளே என்னை எழுந்து நடக்கச் சொன்னார்கள். பக்கவாட்டில் தையல், ஒரு குழாய், ஒரு பை. குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய சக்கரம் வைத்த இரும்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு அடி, இன்னொரு அடி. அக்காவைத் தனியறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார்கள், நான் பார்க்கக்கூடாது. மாமா இரண்டு இடத்துக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தார்.

"நல்லாப் போகுதாம்பா" என்றார் என்னிடம் வந்து. "ஒண்ணுக்குத்தான். பை மாத்தி மாத்திக் கட்டறாங்க. ரெண்டு வருசமாக் கண்ணுலயே பாக்காததுன்னு உங்கக்கா அழுகுது." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கேட்டார். "உங்கக்கா கேக்கச் சொல்லுச்சு. உனக்கு வலிக்குதா?"

"இல்லைங்கன்னு சொல்லுங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மாமா அசையாமல் என்னையே பார்த்தார்.

"வலிக்குதுங்க மாமா" என்றேன். "இருமுனா உசுரே போகுது. ராத்திரி தூங்கலை. இப்படியே போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்று திரும்பி நடந்தார். நான் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு வராந்தாவின் கோடிச் சுவர்வரை போனேன்.